அம்மாவின் கால் மதமதப்புக்குச் சத்து மாத்திரை போதுமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். அம்மாவுக்கு 63 வயது. சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார்கள். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரையும் உண்டு. ஆறேழு மாதமாக இரண்டு பாதமும் மதமதவென்று இருக்கிறது, ராத்திரியானால் காந்துகிறது என்கிறார்கள். மருந்துக்கடை அண்ணாச்சி கொடுத்த நரம்பு மாத்திரையும் பி காம்ப்ளக்ஸும் ஒரு மாதமாகப் போகிறது. பெரிய மாற்றமில்லை. பக்கத்து வீட்டு மதினி, "சிவப்பு ஊசி பத்து போட்டா எல்லாம் சரியாயிரும்" என்கிறார்கள். நான் பணகுடிப் பக்கம் காற்றாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். அசதிக்காக நானும் தினம் ஒரு பி காம்ப்ளக்ஸ் போடுகிறேன். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது பயமாக இருக்கிறது. மனைவி முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுகிறாள். அவளுக்கு தைராய்டு டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது குழந்தைக்கும் யோசிக்கிறோம். பி வைட்டமின் எவ்வளவு சாப்பிட்டாலும் கெடுதல் இல்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று பேருக்காகக் கேட்டிருக்கிறீர்கள். அதில் அம்மாவுடையதுதான் அவசரம், அதை முதலில் பார்ப்போம்.

சைவச் சாப்பாடு, பல வருட மெட்ஃபார்மின், தினசரி கேஸ் மாத்திரை. நரம்புக்கு வேண்டிய பி12 வைட்டமின் உடம்பில் குறைய இதில் ஒன்றே போதும். அம்மாவுக்கு மூன்றும் சேர்ந்திருக்கின்றன. அதனால் மதினி சொன்ன சிவப்பு ஊசி, அதாவது பி12 ஊசி, கடைசியில் தேவைப்படவும் கூடும். ஆனால் ஊசிக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும். அந்த வரிசை மாறக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

பி வைட்டமின்கள் மொத்தம் எட்டு. எண் 12 வரை போகிறதே என்றால், நடுவில் விட்டுப்போன எண்கள் ஒரு காலத்தில் வைட்டமின் என்று நினைத்து, பிறகு இல்லையென்று தள்ளப்பட்டவை. இந்த எட்டில் ஏழு நம் சாதாரணச் சாப்பாட்டிலேயே வந்துவிடும். பருப்பு, கீரை, தானியம், வேர்க்கடலை என்று ஏதாவது ஒன்றில் இருக்கும். பி12 மட்டும் தனி. அதைத் தயாரிப்பவை பாக்டீரியாக்கள். நமக்கு அது மீன், இறைச்சி, முட்டை, பால் வழியாகத்தான் வருகிறது. செடிகொடியில் நம்பிச் சாப்பிடுகிற அளவுக்குக் கிடையாது. திருநெல்வேலிச் சைவச் சமையலில் சொதியும் அவியலும் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் எவ்வளவு அருமையாக இருந்தாலும், அவற்றால் பி12 வராது. சொதியில் ஊற்றுவது தேங்காய்ப்பால், அது இந்தக் கணக்கில் சேராது. அம்மாவுக்கு இருக்கிற ஒரே வழி பாலும் தயிரும்தான். ஒரு நாளைக்கு வேண்டியது 2 மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம். ஒரு பெரிய டம்ளர் பாலில், அதாவது கால் லிட்டரில், 1 மைக்ரோகிராம் அளவில் இருக்கும். தண்ணீர் கலந்த பாலில் இரண்டு வேளை காபியும் மத்தியானம் கொஞ்சம் மோரும் என்று ஓட்டுகிறவர்களுக்குக் கணக்கு எப்படி நேராகும்?

பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பழைய சோறும் சின்ன வெங்காயமும் நல்ல காலைச் சாப்பாடு, நானும் விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் பி12 குறைந்தவர்களுக்கு அதை மருந்தாக நினைத்து உட்கார்ந்திருக்க முடியாது. இட்லி மாவு புளிப்பதும் கருப்பட்டியும் அப்படித்தான்.

சாப்பாட்டில் வருகிற கொஞ்சமும் உடம்பில் சேருவதற்குப் பல படிகள் உண்டு. உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க இரைப்பையில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது. பிரிந்த பி12 இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை பயணம் செய்து, அங்கேதான் உறிஞ்சப்படும். மெட்ஃபார்மின் அந்த இடத்தில் இடைஞ்சல் செய்கிறது. கல்லீரலில் சில வருடங்களுக்குத் தாங்குகிற சேமிப்பு இருப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. அது கரைந்த பிறகுதான் காலில் மதமதப்பு வரும். இதைப் படித்துவிட்டு மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரைக்கு அது நல்ல மருந்து. நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு அவ்வப்போது பி12 பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கேஸ் மாத்திரை இன்னமும் தேவைதானா என்பதை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். அதை எப்போது ஆரம்பித்தோம், எதற்கு ஆரம்பித்தோம் என்பதே மறந்துபோய் வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நம் பக்கம் ஏராளம்.

இன்னொரு சந்தேக நபரும் இருக்கிறார், சர்க்கரை. பன்னிரண்டு வருடச் சர்க்கரையும் இதே மாதிரி பாதத்தில் தொடங்கி, இதே மாதிரி ராத்திரியில் காந்தும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். அம்மா சொல்வதை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். முகம் கழுவும்போது கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா? நடக்கையில் செருப்பு கழன்றது தெரியாமல் போகிறதா? ஆம் என்றால் அதிர்வையும் கால் இருக்கும் நிலையையும் உணர்கிற நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். பி12 குறைந்தால் முதுகுத்தண்டில் அடிபடும் பாதை அதுதான். டாக்டர் கால் பெருவிரலில், தட்டினால் அதிர்கிற ஒரு உலோகக் கவையை வைத்துப் பார்ப்பார், நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். ஐந்து நிமிட வேலை. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போனாலும் சரி, உங்கள் ஊர் டாக்டரிடம் போனாலும் சரி, செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டாமல் திரும்பி வராதீர்கள்.

ரத்தத்தில் பி12 அளவு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, முழு ரத்த எண்ணிக்கை, தைராய்டு, கிரியாட்டினின் இவை போதும். பி12 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று எடுத்துக்கொள்வோம். 200-க்கும் 300-க்கும் நடுவில் இருந்து, கால் தொந்தரவும் இருந்தால் அதையும் அலட்சியம் செய்ய மாட்டோம். "ரத்தம் 12 இருக்கு, அதனால பி12 கொறஞ்சிருக்காது" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே நரம்பு கெட்டுக்கொண்டிருப்பது உண்டு. குறிப்பாக ஃபோலிக் அமிலம் அதிகமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு. அது ரத்தசோகையைச் சரிசெய்து ரிப்போர்ட்டை அழகாக்கிவிடும், நரம்பைக் காப்பாற்றாது. பி12 பார்க்காமல் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது என்பது இதனால்தான்.

இப்போது அண்ணாச்சி கொடுத்த அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். நரம்பு மாத்திரையில் "மெத்தில்கோபாலமின் 1500 மைக்ரோகிராம்" என்று போட்டிருந்தால் அதுவே பி12தான். அதைச் சாப்பிட்டுக்கொண்டே டெஸ்ட் எடுத்தால் அளவு நிறைய என்று வரும், ஆரம்பத்தில் குறைவாக இருந்ததா என்பது மறைந்துபோகும். முதலில் டெஸ்ட், பிறகு மருந்து என்று நான் அடித்துச் சொல்வதன் காரணம் இதுதான். ஆனாலும் ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். எதை, எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம் என்று வேறு பரிசோதனைகள் பெரிய ஆய்வகங்களில் உண்டு, தேவைப்பட்டால் எழுதுவார்.

அதே அட்டையில் "பைரிடாக்சின்" என்று ஒரு பெயர் இருக்கும், அது பி6. பக்கத்தில் எத்தனை மில்லிகிராம் என்று கட்டாயம் பாருங்கள். எவ்வளவு சாப்பிட்டாலும் கெடுதல் இல்லை என்ற பேச்சு உடைகிற இடம் இது. பி6 அதிக அளவில், நெடுநாள் சாப்பிட்டால் அதுவே உணர்ச்சி நரம்புகளைக் கெடுக்கும். பாதம் மதமதக்கும், காந்தும். அதாவது எந்தத் தொந்தரவுக்காக மாத்திரை போட்டோமோ அதே தொந்தரவு. அமெரிக்காவில் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் உச்சவரம்பு என்று வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் தன் வரம்பை 12 மில்லிகிராமுக்கு இறக்கிவிட்டது. நரம்பு மாத்திரை ஒன்று, பி காம்ப்ளக்ஸ் ஒன்று, போதாததற்கு யாரோ கொடுத்த சத்து டானிக் ஒன்று என்றால் மூன்றிலும் உள்ள பி6 கூட்டலாகிக்கொண்டே போகும். காசநோய்க்கு ஐசோநியாசிட் சாப்பிடுகிறவர்களுக்கு நாங்களே பி6 கொடுப்போம். அந்த மருந்து உடம்பிலுள்ள பி6-ஐக் குறைப்பதால் அங்கே அது அவசியம். அளவோடு கொடுப்பதும் அங்கேதான். அண்ணாச்சி நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் காலைப் பார்க்காமல் கொடுத்த மாத்திரை அது.

டெஸ்டில் பி12 குறைவு என்று வந்தால் சிகிச்சை சிக்கலானதல்ல. நரம்புத் தொந்தரவு இருப்பதால் முதலில் ஊசியாகவே போடுவோம். 1000 மைக்ரோகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள் சில ஊசிகள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்கிற மாதிரி. டாக்டருக்கு டாக்டர் கொஞ்சம் மாறும். பிறகு மாத்திரைக்கு மாறலாம். உறிஞ்சும் சக்தி குறைந்தவருக்கு மாத்திரை எப்படி வேலை செய்யும் என்று கேட்பீர்கள். மாத்திரையிலுள்ள பி12 உணவோடு ஒட்டியிருப்பதில்லை, அதைப் பிரிக்க அமிலம் வேண்டாம். அந்தப் புரதத்தின் துணை இல்லாமலேயே நூற்றில் ஒரு பங்கு குடல் வழியே கசிந்து உள்ளே போகும். 1000 மைக்ரோகிராமில் நூற்றில் ஒன்று 10 மைக்ரோகிராம், ஒரு நாள் தேவையைப் போல நான்கு மடங்கு. சாதாரண பி காம்ப்ளக்ஸில் பி12 பெரும்பாலும் சில மைக்ரோகிராம்தான் இருக்கும், அதில் நூற்றில் ஒன்றை வைத்து என்ன செய்வது?

ஊசி சிவப்பாக இருப்பதால் அது ரத்தம் ஊறுகிற ஊசி என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சிவப்பு, பி12-ன் நடுவில் உட்கார்ந்திருக்கும் கோபால்ட் என்ற உலோகத்தால் வருவது. 1926-ல் அமெரிக்காவில் மினாட், மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள், உயிரை வாங்கிக்கொண்டிருந்த ஒருவகை ரத்தசோகைக்கு நோயாளிகளைத் தினமும் ஈரல் சாப்பிட வைத்துப் பிழைக்க வைத்தார்கள். ஈரலுக்குள் இருந்த அந்தச் சிவப்புப் பொருளைப் பிரித்தெடுக்க 1948 வரை ஆனது. இன்று அது சின்னக் குப்பியில் கிடைக்கிறது. வேண்டியவர்களுக்கு அற்புதமான மருந்து. வேண்டாதவர்களுக்குச் சிவப்புத் தண்ணீர்.

எவ்வளவு நாளில் குணம் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான்காவது ஊசியில் அம்மா சலித்துப்போவார்கள். ரத்தசோகை இருந்தால் இரண்டு மாதத்தில் நேராகும். நரம்பு மெதுவாகத்தான் தேறும், ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். ஆரம்பத்தில் சிலருக்குக் காந்தல் கொஞ்சம் கூடுவதும் உண்டு. நெடுநாள் கவனிக்காமல் விட்டிருந்தால் முழுசாகத் திரும்பாது. உங்கள் அம்மாவுக்கு ஆறேழு மாதம்தான் ஆகிறது என்பது நல்ல செய்தி. பி12 சரியாக இருந்து காரணம் சர்க்கரைதான் என்று தெரிந்தால், ஊசி பத்து போட்டாலும் இருபது போட்டாலும் பலன் இல்லை. அப்போது சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், காந்தலுக்கென்று உள்ள வேறு மருந்துகளும்தான் வழி.

மதினி அடுத்து "ஒரு பாட்டில் ஏத்திட்டு வாங்க" என்பார்கள், அதற்கும் இப்போதே பதில். மஞ்சளாகத் தொங்குகிற அந்தப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் 5 சதவீத குளுக்கோஸும் கொஞ்சம் பி காம்ப்ளக்ஸும். அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லி சாப்பிட்டால் கிடைக்கிற சக்தி, அதைச் சர்க்கரை நோயாளியின் ரத்தக்குழாயில் நேராக ஏற்றுகிறோம். பி1 கலந்த ஊசியை ரத்தக்குழாயில் போடும்போது அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வருவதும் உண்டு. வேண்டாம்.

பி1 என்றதும் ஒரு விஷயம். நம் பக்கத்தில் பி1 குறைவால் வரும் பெரிபெரி பெரிதாகத் தலையெடுக்காததற்குப் புழுங்கல் அரிசி ஒரு காரணம். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு மில்லில் தீட்டினாலும் முழுசாகப் போகாது. பச்சரிசியைப் பளபளவென்று தீட்டிச் சாப்பிட்ட ஆந்திரக் கடற்கரையில் இந்த நோய் இருந்தது, புழுங்கல் சாப்பிட்ட தமிழ்நாட்டில் அரிது. ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் தீட்டின அரிசி தின்ற கோழிகள் காலிழுத்து நடப்பதைக் கவனித்துத்தான் இந்த ஆராய்ச்சிக்கே வழி திறந்தது, 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய அம்பை 16 அரிசியைப் புழுங்கலாக, இட்லியாகவோ சோறாகவோ சாப்பிடுகிற வீட்டில் பி1 மாத்திரைக்கு வேலை குறைவு. அரிசியை ஏழெட்டுத் தண்ணீரில் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டாமல் இருந்தால் சரி. இன்று பி1 குறைந்து என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் குடிக்கிறவர்கள். அவர்களுக்கு அது நிஜமாகவே உயிர்காக்கும் மருந்து.

மருந்து எதுவானாலும், அம்மா ராத்திரி படுக்குமுன் இரண்டு பாதத்தையும் விரலிடுக்கு உட்பட வெளிச்சத்தில் பார்க்கட்டும். கண் தெரியவில்லையென்றால் நீங்களோ மனைவியோ பாருங்கள். காந்துகிறதென்று வெந்நீரில் காலை வைக்க விடாதீர்கள், சூடு தெரியாமல் வெந்துபோகும். வெறுங்காலோடு வயலுக்கோ கோயில் பிரகாரத்து வெயிலுக்கோ வேண்டாம். காலில் புண் வந்தாலோ, நடை வேகமாகத் தளர்ந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் வந்தாலோ டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.

இனி உங்களுக்கு. சிறுநீர் மஞ்சளானது பி2-ஆல், அதன் நிறமே அதுதான். உடம்புக்குப் போக மீதி வெளியே போகிறது. கிட்னிக்கு ஒன்றுமில்லை. அசதிக்கு அந்த மாத்திரை தேவையா என்றால், நான் முதலில் உங்கள் தூக்கத்தைத்தான் கேட்பேன். காற்று சீசனில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் நாலு மணி நேரம் தூங்குகிறவருக்கு எந்த வைட்டமினும் ஈடாகாது. அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் உங்கள் சர்க்கரையையும், கூடவே ஹீமோகுளோபின், தைராய்டையும் ஒருதரம் பாருங்கள். நீங்களும் சுத்த சைவமென்றால் பி12-ஐயும். மீன் சாப்பிடுவீர்கள் என்றால் உவரியிலிருந்தும் கூடுதாழையிலிருந்தும் வருகிற சாளை போதும், விலையும் குறைவு. நூறு கிராமிலேயே ஒரு நாள் தேவையைப் போல மூன்று நான்கு மடங்கு பி12 இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தக் காசைச் சேர்த்து வையுங்கள். பி வைட்டமின் இதயத்துக்கு நல்லது என்றும் யாராவது சொல்வார்கள். 2006-ல் வெளிவந்த பெரிய ஆய்வுகளில் பி6, பி12, ஃபோலிக் அமிலம் மூன்றும், இதய நோயோடு தொடர்புள்ளதாகக் கருதப்பட்ட ஹோமோசிஸ்டீன் அளவைக் குறைத்தன. மாரடைப்பைக் குறைக்கவில்லை.

உங்கள் மனைவிக்கு தைராய்டு டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். முடிக்கான மாத்திரைகளில் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம்வரை இருக்கும், உடம்புக்குத் தேவை அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அது தைராய்டைக் கெடுக்காது, ஆனால் பல ஆய்வகங்கள் பயன்படுத்தும் பரிசோதனை முறையைக் குழப்பிவிடும். தைராய்டு அதிகமாகச் சுரப்பதுபோல் தப்பான ரிப்போர்ட் வரும், அதை நம்பி மருந்தும் எழுதப்படலாம். மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரோபோனினையும் இது குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-லேயே எச்சரித்தது. டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டு, ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லச் சொல்லுங்கள். பயோட்டின் குறைவால் முடி கொட்டுவது மிக அரிது. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, பிரசவத்துக்குப் பிந்தைய உதிர்வு இவைதான் வழக்கமான காரணங்கள்.

அவருக்கு உண்மையில் வேண்டிய பி வைட்டமின் வேறு ஒன்று, ஃபோலிக் அமிலம். 1930 வாக்கில் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணிகளான மில் தொழிலாளிகளின் ரத்தசோகையை ஈஸ்ட் சாறு கொடுத்துச் சரிசெய்தார். அதிலிருந்த பொருள்தான் பிறகு ஃபோலேட் என்று தெரிந்தது. குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய் கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். அது சரியாக மூடாமல் போவதை ஃபோலிக் அமிலம் தடுக்கிறது. அப்படி ஒரு குழந்தை ஏற்கெனவே பிறந்த தாய்மாரிடம் 1991-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அடுத்த குழந்தைக்கு அது வருவது 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நாள் தள்ளிப்போய், டெஸ்ட் பார்த்து, டாக்டரிடம் போவதற்குள் அந்த 28 நாள் முடிந்திருக்கும். அதனால் முருங்கைக்கீரையும் பருப்பும் சாப்பிட்டாலும், குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு ஒரு மாதம் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கிவிட வேண்டும். முதல் மூன்று மாதம்வரை தொடரட்டும். முதல் குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருந்திருந்தாலோ, அவருக்குச் சர்க்கரையோ வலிப்பு மருந்தோ இருந்தாலோ அளவு கூடும், அதை மகப்பேறு டாக்டர் எழுதித் தருவார். உங்கள் வீட்டில் இப்போது மூன்று பேர் விழுங்குகிற எல்லா மாத்திரைகளிலும், டெஸ்ட் எதற்கும் காத்திருக்காமல் நாளைக்கே தொடங்கச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லாதது இது ஒன்றுதான்.